ஏழாம் நம்பர் ஷூ

"அந்த அளவுப் பலகையைக் கொஞ்சம் எடும்மா" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னதும், கழற்றி வைத்த ஷூவை மறுபடி மாட்டப் பார்த்தேன்.

கால் ஆணியைக் காட்ட வந்த இடத்தில் காலை எதற்கு அளக்க வேண்டும்?

வலது கால் சுண்டுவிரலின் ஓரத்தில், மிளகு அளவில், கல் மாதிரி ஒன்று. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு படி ஏறும்போதும் உயிர் போய் உயிர் வரும். மருந்துக் கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டிப் பார்த்தேன். தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது. கொஞ்ச நாளில் ஆணி மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஷேவிங் பிளேடால் நானே செதுக்கப் போய் ரத்தம் வந்து, அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

"வேரோட பிடுங்கிடுங்க டாக்டர்" என்றேன்.

அதற்கு வேரே கிடையாதாம். ஷூ ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி உரசினால் தோல் தடித்துப்போய், உள்பக்கமாகக் கூம்பு போல இறுகிவிடுமாம். இன்றைக்குச் சீவி எடுத்தாலும், ஷூ மாறாவிட்டால் ஆணி திரும்பி வந்தே தீருமாம்.

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஷூ எடுக்கிறவளே அவள்தான்.

செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கு 'ஸ்கேல் கண்ணு' என்று பட்டப்பெயர். ஆள் வாசலில் நுழையும்போதே காலைப் பார்த்து நம்பர் சொல்லிவிடுவாள். ஆறு, இடது கால் கொஞ்சம் அகலம் என்பாள். அளந்து பார்த்தால் அச்சு அசல் அப்படியே இருக்கும். கடை முதலாளி அளவுப் பலகையைத் தூக்கிப் பரணில் போட்டு வருஷக்கணக்காகிறது.

நானும் ஒரு நாள் அந்த வாசலில் நுழைந்தவன்தான். கல்யாணத்துக்கெல்லாம் முன்பு. என் காலைப் பார்த்தாள். திரும்பி அலமாரியைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு "ஏழு" என்றாள்.

போட்டேன். சுண்டுவிரல் செத்தது.

"கடிக்குதா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள் பாருங்கள், அந்த முகத்திடம் போய் யார் குறை சொல்வது?

"கச்சிதம்" என்றேன்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஒரு ஏழு, வருஷா வருஷம் ஒரு கச்சிதம். ஷூ கொஞ்சம் விரியட்டும் என்று அவளுக்குத் தெரியாமல் ஈரப் பேப்பரைத் திணித்து வைத்துப் பார்த்தேன். ஷூ அசையவில்லை, பேப்பர்தான் கிழிந்தது. சொந்தக்காரர்கள் கூடினால் நானே முதல் ஆளாக ஆரம்பிப்பேன்: "பார்த்த மாத்திரத்துல ஏழுன்னா! இம்மி பிசகலை!" எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அவள் மட்டும் காபி போட எழுந்து போய்விடுவாள். என்ன தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது நர்ஸ் அந்தப் பாழாய்ப்போன பலகையோடு வருகிறாள்.

என் மனைவி இத்தனை வருஷம் சம்பாதித்த பேர் என் ஒரு காலால் போகப் போகிறது. அதுவும் அவள் கண்ணெதிரிலேயே. ஐயோ என்று இருந்தது.

"வேண்டாம் டாக்டர், நடந்து நடந்து கால் வீங்கியிருக்கு" என்றேன்.

"பஸ்ல உட்கார்ந்துதானே வந்தீங்க" என்றாள் மனைவி.

வேறு வழியில்லை. விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு பலகைமேல் காலை வைத்தேன். சின்னப் பிள்ளையை அதட்டுவது மாதிரி நர்ஸ் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். விரல்கள் தானாக நீண்டுவிட்டன.

"எட்டு" என்றாள்.

டாக்டர் என் ஷூவைத் தூக்கி அடியில் பார்த்தார். "இது ஏழு. இதையா போட்டுக்கிட்டு நடந்தீங்க?"

மனைவியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டுதானே!"

சத்தம் கேட்டுத் திரும்பினால், எழுந்தே நின்றுவிட்டாள். முகமெல்லாம் பல். "எட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும் டாக்டர்! இவர் கச்சிதம் கச்சிதம்னு சொல்லிச் சொல்லி, இந்த ஒரு காலுல மட்டும் என் கண்ணு ஏமாந்துபோச்சுன்னு இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள புழுங்கிக்கிட்டிருந்தேன்!"

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் அவரையும் விடவில்லை. "உங்களுக்கு ஆறு. போட்டிருக்கறது ஏழு. பின்னாடி லூசா இருக்குமே?"

டாக்டர் தன் கால்களை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் நான் யாருக்காக இத்தனை வருஷம் நொண்டினேன்?

"எட்டுன்னு தெரியுமில்ல? அப்புறம் ஏன் அன்னைக்கு ஏழுன்னே?"

சிரிப்பு நின்றது. உட்கார்ந்தாள். கைப்பையின் வாரைத் திருகினாள்.

"அன்னைக்குக் கடையில எட்டு தீர்ந்துபோச்சு."

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

டாக்டரைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"சொல்லியிருந்தா எதிர்க் கடைக்குப் போயிருப்பீங்க."

டாக்டர் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, "வலிச்சா சொல்லுங்க" என்றார்.

"வலிக்கவே இல்லை டாக்டர்" என்றேன்.

அவர் இன்னும் பிளேடைக் கையில் எடுக்கவே இல்லை.