போலாம் ரைட்

"ஒத்திகை! ம்மா, ஒத்திகை! போலாம் ரைட்!"

மாமனார் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுகிற சத்தம் கேட்டதும் மருமகளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. குளியலறையில் துணி பாதி துவைத்தபடி கிடக்கிறது. கை நிறைய சோப்பு நுரை.

"காலையிலதானே மாமா ஒண்ணு முடிச்சோம்?"

"இது ஸ்பெஷல் ட்ரிப். வா, வா!"

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். விசில் ஊத இப்போது மூச்சு பத்தாது, அதனால் டம்ளர். மூக்கில் குழாயும் கட்டிலோரம் ஆக்ஸிஜன் மெஷினுமாகப் பொழுது ஓடுகிறது. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் போன மாதம் அவளைக் கவிழ்த்துவிட்டது. திடீரென்று கரண்ட் போனதும் கை உதறி, சிலிண்டர் சாவி கட்டிலடியில் போய் விழுந்து, அவர் உதடு நீலம் பாரித்து... பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஓடி வந்திருக்காவிட்டால்! "என்னால முடியாதுங்க, ஒரு நர்ஸை வச்சிடுங்க" என்று அன்று கணவனிடம் அழுது தீர்த்தாள்.

மறுநாளே மாமனார் இந்த ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார். நினைத்த நேரத்தில் மெஷின் பிளக்கைப் பிடுங்குவார். டம்ளரைத் தட்டுவார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவளைக் கேலி செய்வார்.

கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்தாள். மெஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. சுவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள், சிலிண்டரைத் திறந்தாள், அளவை இரண்டில் நிறுத்தினாள், குழாயை மாற்றினாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"துணி நாறிப்போச்சுன்னா நீங்கதான் துவைக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

வழக்கமாக "மாட்டு வண்டியே முந்திடும் போலிருக்கே" என்பவர், இன்று கேலியை விட்டுவிட்டு விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

சிலிண்டரில் மாட்டியிருந்த பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டது. அவர் நீளமாக மூச்சை இழுத்து விட்டார்.

"நாப்பது செகண்டு! இனி எந்த நர்ஸும் வேணாம்."

"ஐஸ் வைக்காதீங்க. பிளக்கை மாட்டிட்டு நான் என் வேலையைப் பார்க்குறேன்."

குனிந்தாள். பிளக் சுவரில் மாட்டியபடியே இருந்தது. சுவிட்சும் போட்டபடியே இருந்தது. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் மின்விசிறி அசையாமல் நின்றது.

"மாமா... நிஜமாவே கரண்ட் போயிருக்கு!"

"தெரியும்மா. கண்டக்டர் அலறினா டிரைவருக்குக் கை உதறும். அதான் 'போலாம் ரைட்'னேன்."