முள்ளில்லாத மீன்

ஈப்போவிலிருந்து வாடகை ஃபோர்டு காரில் வருஷம் தவறாமல் மூன்று நண்பர்கள் ஹுத்தான் மெலிந்தாங் ஆற்றோரப் பங்களாவுக்கு வருவார்கள், மீனும் போர்ட் ஒயினுமாக இரண்டு நாள் கழிக்க. இந்த வருஷம் இரண்டு பேர்தான். மரியஜோசப் தவக்காலத்தில் காலமாகிவிட்டார். பழக்கதோஷத்தில் கதிரவேலு மூன்று தட்டு வைத்துவிட்டார். எடுக்க மனம் வரவில்லை.

"ஐசே ஆம்புரோஸ், டெருபோக் மீன் ஆறப்போகுது. சாப்பிடும்!"

ஆம்புரோஸ் மீனைத் தொடத் தயங்கினார். டெருபோக்குக்கு உடம்பெல்லாம் முள். அவருக்கோ கண் மங்கிக்கொண்டு வந்தது. வெளியே தெரிந்தால் கணக்கெழுதும் கிராணி வேலை போய்விடும். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மரியஜோசப்தான். பேச்சோடு பேச்சாக முள்ளை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டுத் துணிந்து மீனைப் பிட்டார். பஞ்சுபோல வந்தது. ஒரு முள்கூட இல்லை.

"நீங்களா முள்ளு எடுத்தீங்க, அண்ணே?"

"நீர் என்ன சின்னப்பிள்ளையோ? உம்மட தட்டை நான் தொடவேயில்லை."

ஆம்புரோஸ் பக்கத்திலிருந்த மூன்றாவது தட்டைத் தடவினார். விளிம்பில் மீன்முட்கள் வரிசையாக இருந்தன, மரியஜோசப் அடுக்குகிற மாதிரியே. இன்னும் ஈரம் காயவில்லை.

கதிரவேலு ஆம்புரோஸின் தட்டில் இரண்டாவது துண்டைப் போட்டார். ஆம்புரோஸ் தன் தட்டை மெல்ல மூன்றாவது தட்டின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒயினைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.