பிரிக்கக் கூடாத பாக்கெட்

"மேஜை மேல யாரும் கை வைக்காதீங்க. இது இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்றாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி கோ.

லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் அவளுடைய கம்ப்யூட்டரில் மாட்டப்பட்டு, 'டிக்... டிக்...' என்று முனகிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன.

கம்ப்யூட்டரின் தலைமேல் ஒரு பச்சைப் பாக்கெட். தேங்காய் ருசிச் சோளப்பொரி.

பச்சைப் பாக்கெட் இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். வேலை முடியும் முன் பிரித்துத் தின்றால் முறைத்துக்கொள்ளும். தைபேயில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

"அம்மா வீடியோ மொத்தமும் அதுலதான் இருக்கு, அக்கா" என்று நான்காவது முறையாகச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்த யூ-சின் டீ வாங்கப் போனாள்.

அவள் கணவன் செங்-யி திரையையே பார்த்தான். போட்டோக்கள் முடிந்தன. அடுத்து வீடியோக்கள்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

புயலன்று ஆஸ்பத்திரியில் அவன் எடுத்த வீடியோ ஒன்று அதில் இருந்தது. "யூ-சின்னை வரச் சொல்லு, மாப்ளே" என்று மாமியார் கேட்கிறாள். "இதோ சொல்றேன் அத்தை" என்று அவன் குரல்.

அவன் சொல்லவில்லை. சொன்னால், வேலையாகப் போயிருந்த தூரத்து ஊரான காவ்சியுங்கிலிருந்து அந்த மழையிலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று பயந்தான். விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். விடிவதற்குள் மாமியார் போய்விட்டாள்.

'தூக்கத்திலேயே போயிட்டாங்க. யாரையும் கேட்கலை.' மனைவியிடம் அவன் சொன்னது அதுதான்.

அந்த வீடியோவை அழிக்கக் கை வரவில்லை. காட்டத் துணிவு வரவில்லை.

கோ வாசலில் வேறொரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

செங்-யியின் கை தானாக நீண்டது. பாக்கெட்டை எடுத்தான். பிரித்தான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான்.

டிக். டிக். டடக்!

அப்புறம் சத்தமே இல்லை.

பாய்ந்து வந்த கோ டிஸ்க்கைப் பார்த்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள்.

"யோவ், பசிச்சா கீழே கடை இல்லையா? எமனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி பண்ணிட்டியே!"

இரண்டு டம்ளர் டீயோடு யூ-சின் வாசலில் நின்றாள்.

"போட்டோ வந்துடுச்சும்மா. வீடியோ ஒண்ணும் வரலை. இனி இது எழுந்திருக்காது" என்றாள் கோ.

யூ-சின் அழவில்லை. கணவன் பக்கம் திரும்பவும் இல்லை.

"புயலன்னிக்கு எடுத்தது மட்டுமாவது கிடைக்காதா, அக்கா? அவர் ஆபீஸ் கிளம்பினதும் தினம் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். அதுல மட்டும்தான் அம்மா என் பேரைச் சொல்றாங்க."

செங்-யியின் வாயில் பொரி கரைந்து இனித்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.