நாலாவது ஆள்

உடுப்பு மாற்றும் அறையின் கண்ணாடிக்கு முன்னால் ஆரபி ஓரமாக நின்று பழகிக்கொண்டிருந்தாள்.

இடது தோளைச் சற்றே பின்னுக்கு எடுத்தால் போதும். படத்திலும் இருப்பாள், ஒருவரையும் மறைக்கவும் மாட்டாள்.

அறை என்பது பேச்சுக்குத்தான். கொக்குவில் ஸ்ரேசனடியில் இருந்த தில்லைநாதனின் ஸ்ரூடியோவில் ஒரு நீலத் திரைச்சீலையை இழுத்துவிட்டால் அதுதான் அறை. காலை வெயில் அந்தத் திரையால் வடிந்து வந்து பவுடர் டப்பாவையும், நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பையும், அவளையும் நீலமாக்கியிருந்தது. உடுத்திருந்த மயில்நீலச் சேலையில் எது சேலை, எது வெளிச்சம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா பதினொரு ஊசி குத்தி அனுப்பியிருந்தார். பெருமூச்சு விடவும் பயமாக இருந்தது.

நாலு பேருக்கும் ஒரே நிறச் சேலை, ஒரே மல்லிகைச் சரம். உயர்தரம் முடித்துப் போகிறவர்களின் பிரிவு மலரில் ஒவ்வொரு கூட்டாளிக் கூட்டத்துக்கும் ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். படத்தை இன்று பின்னேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அப்பாவின் மாற்றலோடு வவுனியாவிலிருந்து வந்து ஒன்றரை வருடம். ஒன்றரை வருடமும் ஆரபி வகுப்பில் வாங்கின் ஓரத்தில்தான் இருந்தாள். முன்வாங்கில் தர்சினி, உதயகலா, மக்டலீன். மூவரும் முதலாம் வகுப்பிலிருந்தே ஒட்டிக்கொண்டவர்கள். ஒருத்தியின் தண்ணீர்ப் போத்தலை மற்றவள் கேட்காமலே எடுத்துக் குடிப்பாள்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆரபிக்குத் தாகம் எடுக்கும்.

இரண்டு கிழமைக்கு முன்னர் பௌதிகவியல் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கத் தர்சினி வீட்டுக்குப் போனாள். சைக்கிளை மதிலோடு சாத்தும்போது உள்ளே தர்சினியின் அம்மா சொல்வது கேட்டது.

"மூண்டு பேராய் நிண்டு படம் எடுக்கக் கூடாது, பிள்ளையள். நாலாவதுக்கு நான் ஒழுங்கு பண்ணுறன்."

மூவருமே பௌதிகவியலில் புலிகள். என்றாலும் மூன்று பேர் சேர்ந்து நின்று படமெடுத்தால் ஒருவர் பிரிந்துவிடுவார் என்பதில் யாழ்ப்பாணத்தில் இரண்டாம் பேச்சு இல்லை.

அடுத்த நாள் காலை உதயகலா அவளுடைய வாங்குக்கு வந்து, படத்துக்கு நீயும் வா என்றாள்.

ஆரபிக்குக் கணக்கு விளங்காமல் இல்லை. ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் கூப்பிடுகிறார்கள். இருந்தும் ஓம் என்றாள். வீட்டுக்குப் போகும்போது கால் நிலத்தில் பாவவில்லை. அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணி ரயில் கடந்து போனது. கண்ணாடி நடுங்கியது. அந்த நடுக்கத்தில் அவள் இரண்டானாள், மூன்றானாள், நீலமாய் நாலு பேர் தோளோடு தோள் நின்றார்கள். இருபது வருடம் கழித்து எங்கேயோ பனி பெய்கிற ஊரில் யாரோ ஒருத்தி மலரைப் புரட்டுகிறாள். ஓரத்தில் நிற்பது யார் என்று அவளுடைய பிள்ளை கேட்கிறது. பெயர் அவளுக்கு நினைவு வருமா?

ரயில் போய்விட்டது. கண்ணாடியில் ஒருத்திதான் நின்றாள்.

திரையின் இடுக்கால் ஸ்ரூடியோவின் தட்டு தெரிந்தது. பிளாஸ்டிக் ரோசாப்பூ, கம்பியில்லாத ஒரு தொலைபேசி, கழுவித் தலைவாரிய ஒரு பொம்மை. சின்னப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

திரை விலகியது. மயில்நீலத்தில் இரண்டு பேர்.

"தர்சினிக்குக் கொப்பளிப்பான். காலமை எழும்ப உடம்பெல்லாம் கொப்புளம் போட்டிட்டுது" என்றாள் மக்டலீன். "தன்னைப் பாத்துக்கொண்டிராமல் எடுக்கச் சொல்லி அழுறாள்."

ஆரபி எண்ணினாள். எண்ணுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அவள் நின்றால் மூன்று. நிற்காவிட்டால் இரண்டு. இரண்டு பேர் நின்றால் ஒரு குற்றமும் இல்லை.

தோளிலிருந்த முதல் ஊசியைக் கழற்றினாள். நீங்கள் இரண்டு பேரும் எடுங்கோ, நான் போயிட்டு வாறன் என்று சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவும் செய்தாள். காலை முழுக்கப் பழகிய சிரிப்பு அது.

உதயகலா அதைக் காதில் வாங்கவே இல்லை. "அங்கிள், அந்தப் பாவைப்பிள்ளையை எடுங்கோ" என்றாள்.

தில்லைநாதன் தட்டிலிருந்து பொம்மையை இறக்கினார். தூசி இல்லாத அதன் சட்டையைப் பழக்கத்தில் தட்டிவிட்டார்.

"உங்களிலை ஆரபி ஆர்?"

வகுப்பில் உயர்த்துவதுபோல அவள் கையை உயர்த்தினாள்.

"ரெண்டு கிழமைக்கு முன்னம் தர்சினியின்ரை அம்மா போன் எடுத்து, மூண்டு பிள்ளையள் வருவினம், நாலாவதாய் வைக்கப் பாவைப்பிள்ளையைக் கழுவி வையுங்கோ எண்டவ. நானும் கழுவி வைச்சன். அடுத்தநாள் பின்னேரம் மூண்டு பேருமாய் வந்து நிக்கினம், அது வேண்டாம், எங்களோடை ஆரபி நிப்பாள் எண்டு."

ஆரபியின் உள்ளங்கையில் ஊசி திறந்தபடி இருந்தது. மக்டலீன் அதைக் கேட்காமலே எடுத்து, பிரிந்த மடிப்பைச் சேர்த்துத் தோளில் குத்திவிட்டாள். உதயகலா ஆரபியின் முழங்கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள்.

தில்லைநாதன் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தார். பொம்மையை அதில் இருத்தி, ஒருவரையும் மறைக்காதபடி அதன் இடது தோளைச் சற்றே பின்னுக்குத் திருப்பிவிட்டார்.