ஓய்வுக்குச் சாட்சி

ஆதிமூலம் படியேறி வருவதைச் சன்னல் வழியே கண்டதும், மெரின் கையிலிருந்த துடைப்பத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. சில வாரங்களாகக் கை நடுங்கியது, உறக்கமும் வரவில்லை. நிர்வாகம் புதிதாக அறிவித்திருந்த மனநல விடுப்பை மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு ஒரேயொரு நிபந்தனை: விடுப்பில் இருப்பவர் மெய்யாகவே ஓய்வெடுக்க வேண்டும்.

நலப் பிரிவு அலுவலர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து சரிபார்ப்பார். வீட்டு வேலை செய்யக் கண்டால் விடுப்பு ரத்து. மறுநாளே அடுக்கப் போயாக வேண்டும்.

அந்த அலுவலர்தான் ஆதிமூலம். எதிரே அமர்ந்து அவளைக் கூர்ந்து நோக்கினார்.

மெரின் தன்னால் இயன்றவரை ஓய்வாக இருந்தாள். இவ்வளவு கடினமான வேலையை அவள் தொழிற்சாலையில்கூடச் செய்ததில்லை.

அப்போது பார்த்து வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. இப்போது விட்டால் இனி மாலையில்தான்.

"மெரினு, தண்ணி வந்து வீணாப் போவுது. மகாராணிக்கு எழுந்து வர நோவுதா?" பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

மகாராணி அசையவில்லை. துப்பட்டாவின் நுனியை மட்டும் விரல்கள் திருகிக்கொண்டிருந்தன.

ஆதிமூலம் எழுந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குடத்தைக் குழாயடியில் வைத்தார். சரிபார்க்க வந்தவர் வேலை செய்யக் கூடாதென்று நிபந்தனையில் எங்கும் இல்லை.

நிரம்பிய குடத்தை அவர் உள்ளே கொண்டுவருவதற்குள் பாதித் தண்ணீர் தரையெங்கும் சிந்திவிட்டது.

மெரின் அவர் கைகளைப் பார்த்தாள். தன் கைகள் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

"நீங்களும் இந்த லீவு கேக்கலாமில்ல, சார்?"

"போன மாசமே குடுத்துட்டாங்கம்மா." குடத்தை மெல்ல இறக்கினார். "ஊட்டுக்கு வந்து பாத்து எழுதற ஆளு நான் ஒருத்தன்தான். நான் தூங்கறத நானே எப்டி வந்து பாக்கறது? அப்டியே கெடக்குது."

மெரின், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எழுந்தாள். தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தயங்கி அமர்ந்தார், பிறகு சாய்ந்தார், பிறகு கண்களை மூடினார்.

எதிரே உட்கார்ந்து மெரின், சரிபார்க்க வந்தவளைப் போல முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அவருடைய ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்தது.

"மூடுங்க சார். லீவு ரத்தாயிடும்."