கூரைக்கு ஒதுக்கிய தொகை

தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. திருப்பூருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மூடுபனி ஜன்னலை அடைத்து நிற்க, அரசு பட்ஜெட்டை அலசி அறிக்கை எழுதும் சசிரேகா மடிக்கணினியின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கொழுந்து பறித்து வந்த அம்மா, காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்தபடி கேட்கிறாள்: "லயத்துக்கெல்லாம் கூரை மாத்தப் போறாங்களாமே கண்ணு, டிவியில சொன்னாங்க?" "போன வருசமும் சொன்னாங்கம்மா." திரையில் ஒதுக்கீடு கோடிகளில் இருக்கிறது, செலவுக் கட்டத்தில் பூஜ்யம். 'வருந்தத்தக்கது' என்று தட்டுகிறாள். எந்தப் பக்கமும் சாயாத அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை, அழிக்கிறாள். பூஜ்யம் மட்டும் நிற்கிறது. கூரையிலிருந்து ஒரு சொட்டு அவள் விரல்மேல் விழுகிறது. அம்மா, ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க வைத்திருந்த குண்டாவை மகள் பக்கமாக நகர்த்தி வைக்கிறாள்.