இருநூறு வாய்

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்க சிஸ்டர். புதுசா ஒரு சொத்தை கூடவா இல்ல?"

"மேல, கீழ, மூலை முடுக்கெல்லாம் பாத்தாச்சு டாக்டர். பளபளன்னு இருக்கு" என்றாள் நர்ஸ். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த லாரி டிரைவர், தன்னைத்தான் புகழ்கிறார்கள் என்று புரிந்துகொண்டு கண்ணாலேயே சிரித்தார்.

சொத்தை இல்லையே என்று ஒரு பல் டாக்டருக்கு அழுகை வருமா? டாக்டரம்மாவுக்கு வந்தது.

பின்னே என்ன? சொத்தை விழாமல் தடுக்கும் மருந்தைப் பற்பசையில் கலந்து, இரண்டு வருடமாக இருநூறு பேரை வைத்து ஆராய்ச்சி செய்திருந்தார். நூறு பேருக்கு மருந்து கலந்த பேஸ்ட், நூறு பேருக்கு வெறும் பேஸ்ட். ட்யூப் எல்லாம் ஒரே வெள்ளை, மேலே எண் மட்டும். யாருக்கு எது என்ற பட்டியல், முத்திரை வைத்த உறையில் பெரிய டாக்டரின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. டாக்டரம்மாவுக்கே தெரியாது.

அது போதாதென்று முதல் நாளே எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். "வர்றவங்க எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தணும். ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணுன்னு பேசக் கூடாது!" நர்ஸ் முதல் தரை துடைக்கும் ஆயாம்மா வரை பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

முந்தாநாள் உறையைப் பிரித்தார்கள். மருந்துக்காரர்களுக்குப் புதுச் சொத்தை மொத்தம் நாலு. வெறும் பேஸ்ட்காரர்களுக்கும் அதே நாலு! இவர்களுக்கு முப்பது சொத்தையாவது விழுந்திருக்க வேண்டாமா? மருந்துக்குக்கூட ஒரு வித்தியாசம் இல்லை.

நாளைக் காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டரிடம் முடிவைச் சொல்ல வேண்டும். மனிதர் ஒரே வரியில் "வேலைக்காகாத மருந்து" என்று எழுதிவிட்டு, இந்த அறைச் சாவியையும் வாங்கிக்கொள்வார். இரண்டு வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளிதான். மனசு கேட்காமல்தான், யாருக்கு எது என்று பார்க்காமலே, இனிப்புப் பிரியர்கள் சிலரை மறுபடி வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முதல் நாள் என்ன சொன்னீங்க? டீயில நாலு கரண்டி சர்க்கரை, வண்டி ஓட்டுறப்ப வாயில எப்பவும் ஒரு மிட்டாய்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க."

"இப்ப?"

"சர்க்கரையா? மூச்! மிட்டாயை விட்டு ரெண்டு வருசம் ஆச்சுங்க. மூணு வேளையும் பல்லு தேய்க்கிறேன். எம் பொண்டாட்டியே 'யாரைப் பாக்கப் போறீங்க'ன்னு சந்தேகப்படுறா."

"அப்படி என்ன திடீர் ஞானோதயம்?"

டிரைவர் நெளிந்தார். "சொல்லக் கூடாதுங்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அண்ணே, என் பொழைப்பே இதுல இருக்கு. சொல்லுங்க."

டாக்டரம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் டிரைவரின் மனம் இளகிவிட்டது. "எனக்குக் குடுத்தது வெறும் பேஸ்ட்னு எனக்குத் தெரியுங்க. மருந்து காப்பாத்தாதுன்னு ஆனப்புறம், நம்ம பல்லை நாமதானே காப்பாத்திக்கணும்?"

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூட்டிய பெட்டிக்குள் இருந்த ரகசியம் எப்படி வெளியே வந்தது? பதறிப்போய்ப் பட்டியலைப் புரட்டினார். டிரைவரின் எண் எழுபத்து மூன்று. அதற்கு நேரே 'மருந்து' என்றுதான் இருந்தது.

"யாரு உங்களுக்கு இப்படி ஒரு பொய்யைச் சொன்னது?"

டிரைவரின் பார்வை வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா மேல் போய் நின்றது. "நான் பேரைச் சொல்லலைங்க. கண்ணு தானாப் போயிடுச்சு."

"ஆயாம்மா! இங்க வாங்க. இவர்கிட்ட வெறும் பேஸ்ட்னு சொன்னது நீங்களா?"

ஆயாம்மா கொஞ்சமும் அசரவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பின்ன என்ன டாக்டரம்மா? ட்யூபைக் கையில வாங்கினதும், 'இனி நமக்கென்ன, எல்லாத்தையும் மருந்து பாத்துக்கும்'னு வாசல்லயே மிட்டாயைப் பிரிச்சு வாயில போட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. 'உனக்கு வந்தது வெறும் பேஸ்ட், வாயை நீயேதான் பாத்துக்கணும், வெளிய மூச்சு விடாதே'ன்னு காதுல போட்டேன்."

"பட்டியலைப் பாத்தீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! இரும்புப் பெட்டியில இருக்கறதை நான் எங்க பாக்கறது? சும்மா அடிச்சு விட்டேன்."

டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ரகசியம் கசியவில்லை. கெட்டது ஒரே ஒரு ஆளின் கணக்கு. எழுபத்து மூன்றை மட்டும் நீக்கிவிட்டால் முடிவு எப்படி இருந்தாலும் கணக்காவது சுத்தம் என்று பெரிய டாக்டரிடம் தைரியமாகச் சொல்லலாம். பேனாவை எடுத்து அந்த எண்ணை அடித்தார்.

"சரி, போனாப் போகுது. இவரைத் தவிர வேற யார்கிட்டயும் இப்படிச் சொல்லலையே?"

ஆயாம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று. இத்தனை வருட வேலையில் இப்படியொரு பழியை அவள் கேட்டதே இல்லை.

"என்ன டாக்டரம்மா, என்னைப் பாத்து இப்படிக் கேட்டுட்டீங்க? ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு பேசக் கூடாதுன்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கீங்க, நான் மீறுவேனா? இருநூறு பேர் காதுலயும் இதையேதான் சொன்னேன்!"